எதிரி வீட்டுச் சாவு

பழவேற்காட்டில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் நண்டு விற்கும் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். காலடியில் ஈரச் சாக்கு போர்த்திய கூடை. உப்பில் வெடித்த விரல்களுக்கு நடுவே ஒரு வீடியோ கேம் பெட்டி. அதில் ஓடியது நானும் ஆடுகிற போர் விளையாட்டுதான். ஒருமுறை நம் படை நகர்ந்தால், அடுத்த முறை எதிரியுடையது.

பிரமாதமாக ஆடினார். எதிரியின் வில்லாளி ஒருவனைச் சாய்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் ராஜா நின்றான். அவனை அடிக்க ஆளும் மிச்சமிருந்தது. ஆனால் அந்த அம்மா யாரையும் நகர்த்தாமல் தன் முறையை முடித்துக்கொண்டார். உடனே எதிரி பாய்ந்து வந்து அவருடைய குதிரை வீரனை வெட்டினான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாம்மா இது! கைல கெடச்ச ராஜாவ வுட்டுட்டீங்களே!"

"சாவு வுழுந்துச்சே, பாக்கலியாப்பா? சாவு வுழுந்தா எங்க ஊர்ல அன்னிக்கு யாரும் படகு எடுக்கமாட்டோம்."

"செத்தவன் எதிரிம்மா!"

"எதிரி வூட்டு சாவு சாவு இல்லியா?"

"அவன் அதெல்லாம் பாக்கலியே. அடிச்சிட்டானே" என்றேன்.

அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாக்காதவங்களும் இருக்காங்க. எங்க நைனா செத்த அன்னிக்கு ஊரே கரையில நின்னுச்சு. ஒரே ஒரு படகு போச்சு. என் தம்பியோடது. கொள்ளி வெக்க வேண்டியவன்."

பொன்னேரியில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அப்புறம் கொள்ளியை யார் வைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.