இஞ்சின் மூடிமேல் வந்த பக்டீரியா

பக்கத்துக் காணி சிவம் அண்ணைக்காக இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு பக்டீரியாப் பொதி வாங்கினேன். பயறு விதையில் கலந்தால், வேரில் தங்கிக் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு எடுத்துக் கொடுக்குமாம்.

“உயிருள்ள சாமான், சூடு காட்டாதேங்கோ,” என்றார் கடைக்காரர்.

“ஓம், ஓம்,” என்றேன்.

கரவெட்டி மினிபஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எல்லாரையும் போலப் பையைச் சாரதிக்குப் பக்கத்தில் இஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு, ஃபோனில் மூழ்கிவிட்டேன்.

இறங்கும்போது பொதி, அடுப்பிலிருந்து எடுத்த பாண் மாதிரிச் சுட்டது. ஒழுங்கை முழுக்க ஊதி ஊதி ஆற்றிக்கொண்டு நடந்தேன்.

அண்ணை வாசல் படலையிலேயே நின்றார். “சூடு படேல்லைத்தானே, தம்பி? இந்தமுறை யூரியா வாங்கேல்லை. இதைத்தான் நம்பியிருக்கிறன்.”

“இல்லை அண்ணை,” என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம், “இஞ்சரப்பா, ஃபிரிட்ஜிலை இருக்கிற மீனை வெளியிலை எடும். உயிருள்ள சாமான் வைக்கோணும்,” என்றார்.

வெளியே வந்த மீனை, அலைந்து வாங்கி வந்ததற்காக எனக்கே தந்துவிட்டார்.

நாளைக்கு விதைப்பு. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மீன்குழம்பு நல்ல வாசம். ஆராவது சாப்பிட வாறியளோ? எனக்கு இறங்குதில்லை.