சல்லடை எழுதிய ஒரு பக்கம்

செய்தித்தாள் வந்ததும் கடைசிக்கு முந்தின பக்கத்தை விரித்து, அதன்மேல் ஒரு ஸ்கேலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்குவாள். அது இரங்கல் விளம்பரப் பக்கம். செத்துப்போனவரிடம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அடியில் பொடி எழுத்தில், துயரத்துடன் அறிவிப்பவர்கள் என்று மகன், மருமகன், கம்பெனி எல்லாம் வருகிறதே, அங்கேதான் ஸ்கேல் நிற்கும். "இவங்கம்மா போனப்ப ரெண்டு மருமகன் பேர் போட்டிருந்தாங்க. இப்ப ஒண்ணுதான் இருக்கு. என்னமோ நடந்திருக்கு" என்பாள். அந்தப் பெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். குழந்தைகள் ஆஸ்பத்திரி அது. பாதிக்குமேல் நன்கொடையில்தான் ஓடுகிறது. யாரிடம் போகலாம், எவ்வளவு கேட்கலாம், எந்தப் பேச்சை எடுத்தால் மனம் இளகும், எதை எடுத்தால் முகம் சுண்டும் என்று தேடிப் பிடித்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது அவள் உத்தியோகம். போய்க் கேட்பவர் பெரிய டாக்டர். சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது நிர்வாகக் குழு. சல்லடை இருப்பதோ தரைக்குக் கீழே, பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் இடத்தில். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறாள். எழுதப்பட்டவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வீட்டு நாய்க்கு எந்தக் கால் நொண்டி என்று சொல்வாள். பெரிய டாக்டர் தன் கல்யாண நாளையே இவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார் என்று வதந்தி. அது சுத்தப் பொய். மாமியார் பிறந்த நாளை மட்டும்தான் கேட்பார்.

சந்தேகம் அவளுக்கு மூச்சு மாதிரி. புதுக் கார் என்றால், "கடன்ல வாங்கினது." பழைய கார் என்றால், "வேணும்னே வெச்சிருக்கான்." கேட்காமலே கொடுக்கிறேன் என்று வருபவரை அவள் மன்னிப்பதே இல்லை. அப்படி ஒருவர் ஒரு கட்டடமே கட்டித் தருவதாக வந்தார். கல்வெட்டில் தன் பெயர் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அட்டையில் வெட்டிக்கொண்டே வந்துவிட்டார். அவருடைய கம்பெனியின் விலாசத்துக்குச் சல்லடை நடந்தே போனாள். அங்கே ஒரு தையல் கடை இருந்தது. தையல்காரர், "அவரா? அந்தக் கோட்டுக்கே இன்னும் கூலி வரலைங்க" என்றாராம்.

இப்படிப்பட்டவளின் மேஜையில்தான், போன மாதம் பெரிய டாக்டர் அவளுடைய சொந்த அத்தையின் பெயரை வைத்தார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எழுபத்திரண்டு வயது, விதவை, பிள்ளையில்லை. நான் அந்த அம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவர் பிஸ்கட்டை எண்ணித்தான் தட்டில் வைப்பார்; மின்சாரக் கணக்கெடுக்க வருபவரின் அடையாள அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கணவரின் லாரி ஷெட் இருந்த நிலத்தை அவர் விற்ற செய்தி டாக்டரின் காதுக்குப் போயிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஆஸ்பத்திரியில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் படுத்துவிட்டது. நான்கு குழந்தைகளை வாரம் மூன்று தரம் இரண்டு மணி நேரத் தூரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எனக்குச் சொந்த அத்தை சார். நான் எழுதக் கூடாது" என்றாளாம் சல்லடை.

"அப்ப பாதி வேலை முடிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றாராம் அவர்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தம்பி மகள் என்ற முறையில் தனக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதிப் பூட்டிவைத்தாள். முன்பின் தெரியாத ஒருத்திக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் நகராட்சியிலும் என்ன கிடைக்குமோ, அதை மட்டும் பக்கத்தில் எழுதினாள். கிடைத்ததில் ஒன்று அவளையே உலுக்கிவிட்டது. ஆற்றோரத் தெருவில் அத்தை பெயரில் ஒரு மாடி வீடு. வாங்கி எட்டு மாதம். சொந்தத்தில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. யாருக்காக? யாராவது ஏமாற்றி வாங்க வைத்துவிட்டார்களா? மூன்று நாள் தூக்கமில்லை.

அப்பா அம்மா போனபின், முன்கூட்டிப் போன் செய்யாமல் அவள் போகக்கூடிய வீடு இந்த அத்தை வீடு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். அந்த ஞாயிறும் வந்தாள். நானும் டீக்கு அங்கே இருந்தேன். அத்தை முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "வலி உயிர் போகுது" என்றார்.

"அந்த மாடிப்படி வேற ரொம்பச் செங்குத்து. எப்படித்தான் ஏறுறீங்களோ" என்றாள் சல்லடை.

பெரிய டாக்டர் நன்கொடை கேட்க எங்கேயாவது புறப்படும்போதெல்லாம், "அவங்க சொல்லாதது உங்களுக்குத் தெரியவே தெரியாது சார், ஞாபகம் வெச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்புகிறவள் அவள்தான்.

அத்தையின் கை முழங்காலிலேயே நின்றது. "எந்த மாடிப்படி?"

நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டில் வாசற்படியைத் தவிர வேறு படி கிடையாது.

சல்லடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆற்றோர வீட்டின் வரைபடத்தை நகராட்சியில் பார்த்தது, நோட்டைப் பூட்டிவைத்தது உட்பட.

"ஆஸ்பத்திரியில டைப் அடிக்கிறேன்னு சொன்னியேடி."

"டைப்பும் அடிக்கிறேன் அத்தை."

"அந்த வீட்டை ஏன் சொல்லலன்னு தெரியுமா? தெரிஞ்சா ஆளுக்கொரு ரூம் கேட்டு வந்து நிப்பீங்க. என்னைப் பத்தி எத்தனை பக்கம் எழுதியிருக்க?"

"ஒரே பக்கந்தான்."

"எழுபத்திரெண்டு வருஷம்." அத்தை என்னைப் பார்த்தார். "ஒரே பக்கமாம். எங்க அது?"

அது அவள் கைப்பையிலேயே இருந்தது. துடைப்பக்காரம்மா படித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் வைக்காமல் எடுத்து வந்திருந்தாள். கொடுத்துவிட்டாள். சம்பந்தப்பட்டவரே படித்தாலும் தலைகுனியும்படி இருக்கக் கூடாது என்றுதான் எந்தப் பக்கத்தையும் எழுதுவாளாம். ஆனால் அப்படி எவரும் இதுவரை படித்ததில்லை. 

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'எளிமையாக வாழ்பவர்.' கஞ்சப்பிசினாறின்னு எழுத வேண்டியதுதானே?"

"அது வெளியாளுக்குத் தெரியாது அத்தை."

எனக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. "'யார் போய்க் கேட்பது.' இது மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"அது எனக்குத் தெரியல."

"உங்க டாக்டர் வந்தா நான் வீட்ல இல்ல. இப்பவே சொல்லிட்டேன்." பக்கத்தை நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஊர்ல இருக்கறவன் சொத்தெல்லாம் தெரியும் உனக்கு. நீயா வாயைத் தொறந்து யாருகிட்டயாவது கேட்டிருக்கியா?"

"இல்ல."

"வேவு பாக்கத் தெரியுது. என் வீட்டுக்குள்ள உக்காந்து, என் டீயைக் குடிச்சிக்கிட்டுக் கேட்டா அது சொந்தம் கேக்கறது. சொந்தத்துக்கு நான் குடுத்ததும் இல்ல, குடுக்கப் போறதும் இல்ல. அது உன் நோட்டுல இருக்கும்."

"இருக்கு."

சல்லடை டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். செருப்பை மாட்டினாள். கைப்பையைத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அழைப்புமணி அடித்தது.

அத்தை முழங்காலைத் தாங்கிக்கொண்டு மெல்ல எழுந்து போனார். கதவிலிருந்த கண்ணாடித் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரு?"

"குழந்தைங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கேங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

அத்தை திரும்பி என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தார். பிறகு சங்கிலியை மாட்டிக்கொண்டு, கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தார்.