இடது பேக் தேவா ஆட்டத்தை விற்கவில்லை

தேவா போய்விட்டான். நேற்றுக் காலை ஆறரைக்கு. அவன் மகன் போன் பண்ணிச் சொன்னான்.

மூன்று வருஷமாக டயாலிசிஸ். போன வாரம், "இனிமே வேணாம்" என்று அவனே சொல்லிவிட்டானாம்.

இதைப் படிக்கிற பலருக்கு அவனைத் தெரியாது. மெர்டேக்கா, நாடு சுதந்திரம் வாங்கிய சமயத்தில் மலாக்கா டவுனில் ஒரு கம்பெனி காற்பந்துக் குழு வைத்திருந்தது. இப்போது கம்பெனியும் இல்லை, குழுவும் இல்லை. நன்றாக ஆடுகிற பையன்களுக்குப் பட்டறையில் வேலை கொடுப்பார்கள். வேலை பெயருக்குத்தான். ஆட்டத்துக்குத்தான் சம்பளம்.

அந்தக் குழுவின் இடது பேக் தேவா. இரண்டு சீசன் ஆடினான். அதோடு முடிந்தது.

ஏன் முடிந்தது என்பதைத்தான் எழுத வந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் கம்போங் செட்டிக்காரன். பல தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகளின் கிராமம் அது. எங்கள் வீடு அதே காஜா பேராங் வட்டாரத்தில் இரண்டு சந்து தள்ளி. அவர்கள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். என் தமிழ் அவனுக்குப் பாதிதான் புரியும். சேர்ந்து பந்து விளையாட அது போதுமாக இருந்தது.

மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம் அந்தக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். பண்டார் ஹிலிர் திடலில் தேர்வு ஆட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. நான் ஒரு பக்கம் ரைட் விங், அவன் எதிர்ப் பக்கம் லெப்ட் பேக். அதாவது, என்னைத் தடுப்பதுதான் அவன் வேலை.

இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போய்விட்டேன். கோட்டுக்கு வெளியே நின்ற மேனேஜர் அவனைப் பார்த்துக் கத்தினார். "இன்னொரு தடவ அவன விட்டேன்னா, நீ அப்படியே வீட்டுக்குப் போயிரு."

மூன்றாவது தடவை அவன் விடவில்லை.

கால் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. முழங்காலுக்குக் கீழே, இரண்டு எலும்பும்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் அவன் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "புக்கான் செங்ஙாஜா, பாலா" என்றான். வேணுமென்று செய்யவில்லை என்று.

அன்று காலையில்தான் குழுவின் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது. இனி ஆடவே முடியாது என்று டாக்டர் என்னிடம் சொன்னதும் அன்று காலையில்தான்.

நான் பதில் சொன்னேன். ஒரு வார்த்தைகூட விடாமல் அவனுக்குப் புரிய வேண்டும் என்று மலாயிலேயே சொன்னேன். "இனிமே நீ பந்துக்குக் கால நீட்டுறப்பல்லாம் என் கால் உன் கண்ணு முன்னால வரணும்."

பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் அதைப் பிரிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, கைத்தடியோடு அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். சும்மா சொல்லக்கூடாது... அருமையாக ஆடினான். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் மாதிரி அங்கே போய் நிற்பான். தலையால் அடிப்பான். எதிராளியை ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போவான்.

ஆனால் காலை நீட்டி டேக்கிள் பண்ணவே இல்லை. ஒரு தடவைகூட.

முரட்டுத்தனம் இல்லாத பையன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் புகழ்ந்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது சீசன், கிண்ணப் போட்டியின் அரையிறுதிக்கும் போயிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர்க் குழுவின் விங்கர் அவனை நோக்கி வந்தான். ஒல்லியான பையன். பந்தும் அவன் காலும் தேவாவுக்கு எட்டுகிற தூரம்தான்.

தேவாவின் கால் போனது. பாதியில் திரும்பி வந்துவிட்டது.

கோல்.

"வெல போயிட்டான்டா" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திடல் முழுக்க அதையே கத்தியது. போத்தல்கள் பறந்தன. ஒன்று அவன் காதோரம் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் நடந்தான்.

கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் வாயே திறக்கவில்லையாம். குழுவிலிருந்து எடுத்தார்கள், பட்டறை வேலையும் போனது. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயதுகூட ஆகவில்லை.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தக் கால் ஏன் திரும்பியது என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அப்புறம் லோரி ஓட்டினான். வயதான பிறகு குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, காவலாளி வேலை. எங்கே பார்த்தாலும் அவன்தான் முதலில் பேசுவான்.

ஒரே ஒரு தடவை, அவன் வீட்டுத் தீபாவளி விருந்தில் கேட்டேன். "அன்னைக்கு கால ஏன் இழுத்துக்கிட்ட, தேவா?"

"திடல் வழுக்கிருச்சு லா" என்றான். ஆட்டம் நடந்த வாரம் மலாக்காவில் மழையே இல்லை.

இன்று காலை அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். அவன் மகன் என்னை வாசல் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாற்காலி போட்டான். தேவாவின் மனைவி தமிழ்ப் பெண், அதனால் மகன் நன்றாகத் தமிழ் பேசுவான்.

"அங்கிள், அப்பா ஆட்டத்த வித்துட்டாருன்னு சின்ன வயசுல ஸ்கூல்ல சொல்லி என்னக் கேலி பண்ணுவாங்க. அப்பாகிட்ட கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. உங்களுக்குத் தெரியுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் பேசியது உட்பட.

கேட்டு முடித்துவிட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அறுபது வயது.

"அப்பா இருக்கிறப்பவே சொல்லியிருக்கலாமே, அங்கிள்" என்றான். குரலை உயர்த்தவில்லை. என் பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

நல்லபடியா போ, தேவா.