நாலு மூலையிலும் மஞ்சள்

வாசுவின் வீட்டில் மஞ்சள் டப்பா மேல் அலமாரிக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. சாம்பாருக்கு வேண்டுமென்றால் சுசீலா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொள்வாள். அது ஏன் அங்கே என்று விருந்தாளிகள் யாராவது கேட்டுவிட்டால், புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே நேரத்தில் ஏசி போடுகிற சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வாசுவுக்கு அந்த ஊர்த் தமிழர்கள் வைத்த பெயர் 'பாத்தி ஆபீசர்'. ஆபீசர் என்பது சும்மா மரியாதைக்கு. அவர் நகராட்சித் தோட்டப் பிரிவில் ஒரு குமாஸ்தா. பாத்தி மட்டும் நிஜம். கல்ஃபில், அல் ஐன் போகிற வழியில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை என்கிற அளவுக்குச் சின்ன ஊர் அது. அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்துக்குப் பின்னால் அறுபத்து நாலு துண்டு நிலத்தை நகராட்சி வேலி போட்டு வைத்திருந்தது. விண்ணப்பம் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்தால், ஒரு வருஷத்துக்கு ஒரு துண்டு நமது. வெண்டை போடலாம், கீரை போடலாம். முருங்கை மட்டும் கூடாது. குலுக்கல்தான் என்று அறிவிப்புப் பலகையில் நாலு மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நம்மவர்கள் யாரும் அதை நம்பவில்லை. வாசுவைக் கண்டால் கடைத்தெருவில் எழுந்து நின்றார்கள்.

விண்ணப்பம் நாலு பக்கம். கத்தரிச்செடி நடுவதற்கு ஒரு மனிதனைப் பற்றி என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ தெரியாது. முதல் பக்கத்தில் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், வேலை, சம்பளம், மொபைல் நம்பர், கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்று இரண்டு கட்டம், மூலையில் போட்டோ. அடுத்த இரண்டு பக்கமும், விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியான கஃபீலின் கையெழுத்துக்கும் விசா விவரத்துக்கும். நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: நிலம் எதற்காக வேண்டும்? கீழே பன்னிரண்டு வெற்றுக் கோடுகள். பெரும்பாலோர் 'வெஜிடபிள்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் பதினோரு கோட்டை நகராட்சிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நாலாம் பக்கத்தைப் படிக்கிற வழக்கத்தை வாசு எப்போதோ விட்டிருந்தார்.

இந்தக் காகிதங்களைக் காப்பதில் நகராட்சி கறாராகத்தான் இருந்தது. தோட்டப் பிரிவின் தலைவர் உள்ளூர் அரபு. எல்லோருக்கும் அவர் 'முதீர்'. சேர்ந்த முதல் நாளே அவர் வாசுவை இரும்பு அலமாரியின் முன் நிறுத்தி, இதில் இருப்பது ஜனங்களுடையது, நம்முடையது அல்ல, இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று இந்தியில் சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார். எந்த விண்ணப்பம், எத்தனை பக்கம் என்பதற்கு ஒரு பதிவேடு. ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒரு ரகசிய எண், அது முதீருக்கு மட்டும் தெரியும். நகல் எடுக்க முடியாது. அசலை எடுத்துப்போகிற ஒருவன் இருப்பான் என்று யாருக்கும் தோன்றாததால் அதற்குப் பூட்டு போடவில்லை.

"ஊர்ல பாதிப் பேரு சம்பளம் எனக்குத் தெரியும், எங்க வீட்ல கூட நான் மூச்சு விட்டதில்ல" என்று வாசு பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் திருச்சிக்காரர், தில்லைநகர். பெருமையை அளவாகத்தான் பேசுவார், ஆனால் தினமும் பேசுவார். 2007ஆம் வருஷம் மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை மதியம் வரை அது உண்மையாகவும் இருந்தது.

அன்று வந்தது நாற்பத்தொன்றாம் விண்ணப்பம். வைரவன், தேவகோட்டைப் பக்கம், முப்பது வயது, கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நல்ல சம்பளம். ஆகாதவர் என்ற கட்டத்தில் டிக். போட்டோவில் பையன் லட்சணமாக இருந்தான். சுசீலாவின் அக்கா சுந்தராம்பாள் வெள்ளிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து போன் போட்டு, அங்க கல்ஃப்ல ஒரு மாப்பிள்ளையும் கெடையாதா, எம் பொண்ணு அருணாவுக்கு இருபத்தாறு முடியப்போவுது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ வாசு மாப்பிள்ளைகளை அலமாரியில் பூட்டி வைத்திருப்பது போல. அன்று முதல்முறையாக, ஒருவகையில் அப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. முதல் பக்கத்தை மட்டும் கிளிப்பிலிருந்து உருவி, அன்றைய செய்தித்தாளுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஞாயிறு காலையில் திரும்பி வந்துவிடப் போகிறது, காகிதத்துக்கும் ஒரு வாரக்கடைசி லீவு என்று லிப்டில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சுசீலா அந்தப் பக்கத்தைப் படித்த அழகை நகராட்சி பார்த்திருக்க வேண்டும். படிவத்தில் சாதி கேட்கவில்லை. அப்பா பெயரும் ஊரும் அவளுக்குப் போதும், "நம்ம பக்கம்தாங்க" என்றாள். பிறந்த தேதி ஜூன் ஒன்று. கம்ப்யூட்டரில் இருந்த ஜாதக மென்பொருளில் போட்டதும் புனர்பூசம் என்று வந்தது. அருணாவோடு பத்துப் பொருத்தத்தில் எட்டு. பிறந்த நேரத்தைக் கேட்காமல் விட்டது மட்டும் நகராட்சியின் பெரிய குறை என்று சொல்லிவிட்டு, மஞ்சளைக் குழைத்து, காகிதத்தின் நாலு மூலையிலும் தடவி, சாமி படத்தின் காலடியில் வைத்துவிட்டாள். ஜாதகம் என்று கையில் வந்தால் மஞ்சள் வைக்காமல் எப்படி? வாசு குளித்துவிட்டு வருவதற்குள் நடந்து முடிந்திருந்தது. திட்ட வாயெடுத்தார். எட்டுப் பொருத்தம் என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

காகிதத்தில் இருந்த மொபைல் நம்பருக்கு சுசீலாவே பேசினாள். பாத்தி ஆபீசர் வீட்டிலிருந்து பேசுகிறேன், நாளைக்கு மதியம் சாப்பிட வரணும், சார் சொல்லச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை இன்று நினைத்தாலும் வாசுவுக்குக் காது சுடும்.

வெள்ளி மதியம் சரியாகப் பன்னிரண்டரைக்கு வைரவன் வந்தான். முழுக்கைச் சட்டை, இன் செய்திருந்தான். ஒரு கையில் பேரீச்சம்பழப் பெட்டி, இன்னொரு கையில் சுருட்டிய காகிதம். உட்காரச் சொல்லியும் சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தான். வடையைக் கையில் வைத்துக்கொண்டே சுருளை விரித்தான். அவனுக்குக் கிடைக்கப்போகிற துண்டு நிலத்தின் வரைபடம், அளவு பிசகாமல். கத்தரி எங்கே, தக்காளி எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம். ஒவ்வொன்றாக விளக்கினான். முருங்கை போடமாட்டேன் என்று கேட்காமலேயே வாக்குக் கொடுத்தான்.

இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறான் என்பது வாசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். பாயசம் வேறு கொதித்துக்கொண்டிருந்தது.

சுசீலா அருணாவின் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினாள். வைரவன் மரியாதையாக வாங்கிப் பார்த்தான்.

"இவுகளும் பாத்திக்கு எழுதிப் போட்டிருக்காகளா?"

சுசீலா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க அக்கா பொண்ணுப்பா. உனக்குப் புனர்பூசம், அவளோட எட்டுப் பொருத்தம் இருக்கு. சம்பளமும் தோதுதான்."

வைரவன் போட்டோவை டீப்பாயின் மேல் குப்புறக் கவிழாமல் மெதுவாக வைத்தான். நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பூஜை அலமாரியில் தன் போட்டோ ஒட்டிய காகிதத்தை அவன் கண் பார்த்துவிட்டிருந்தது.

"ஜூன் ஒண்ணு வாத்தியார் வச்சதுக்கா. பள்ளிக்கூடத்துல சேக்கயில எங்க கிளாஸ்ல முக்காவாசிப் பேருக்கு அதே தேதிதான். நான் பொறந்தது ஐப்பசி." பிறகு வாசுவைத் திரும்பிப் பார்த்தான். "நாலாம் பக்கம் பாக்கலியாண்ணே?"

வாசு பார்க்கவில்லை.

"அகிலா தவறிப்போயி பத்து மாசம் ஆச்சுண்ணே. எம் பொஞ்சாதி. ரூமுல ஒருத்தருக்கும் தெரியாது. தூக்கம் வரலேன்னு டாக்டர்ட்டப் போனேன், மண்ணுல கைய வையின்னாரு. அத எழுதத்தான் நாலு நாளு ஆச்சு. கவர்மெண்டுப் பேப்பர்தானே, யாரு படிக்கப்போறான்னுதான் எழுதினேன்."

சுசீலாவின் கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வைரவன் எழுந்து வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டான். வடை நல்லாருந்துச்சுக்கா என்றான். அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட வாசு பிழைத்திருப்பார்.

சனிக்கிழமை காலை வாசு காகிதத்தைச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோனார். ஈரத்துணியில் சோப்பைத் தொட்டு மூலைகளை மெல்ல ஒற்றினார். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது வேட்டி துவைத்த எவருக்கும் தெரியும். வாசுவுக்கும் தெரிந்ததுதான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நாலு மூலையும் குங்குமச் சிவப்பாக எழுந்து நின்றன. ஒற்ற ஒற்ற மேலும் சிவந்தன. நகராட்சி விண்ணப்பம் பார்வைக்குக் கல்யாணப் பத்திரிகை ஆகிவிட்டது.

புதன்கிழமை குலுக்கல். முதல் பக்கம் இல்லாமல் வைரவனின் பெயர் பெட்டிக்குள் போகாது. காகிதம் தொலைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் வாசு தப்பிக்கலாம், பாத்தி போய்விடும். சனிக்கிழமை முழுவதும் அந்த வரியை அவர் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. கத்தரி இங்கே, தக்காளி இங்கே என்று காட்டிய விரலும் கூடவே வந்தது.

ஞாயிறு காலை ஆபீசில் காகிதத்தை முதலில் பார்த்தவர் பக்கத்து மேசை சுஐபு, காயல்பட்டினத்துக்காரர். "யாருக்கு வாசு சார் கல்யாணம்?" என்றார் சிரித்தபடி. வாசு சொன்னார். சுஐபின் சிரிப்பு நின்றது. "அது அமானிதமாச்சே சார்" என்று சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. முதல் நாள் சாவியைக் கொடுக்கும்போது முதீரும் கிட்டத்தட்ட அதே வார்த்தையைச் சொன்னது வாசுவுக்கு ஞாபகம் வந்தது. அன்று அதை அலமாரியின் பெயர் என்று நினைத்திருந்தார்.

பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு நேராக, 'எண்ணெய்க் கறை' என்று எழுதி அடித்தார். 'என் மனைவியால்' என்று எழுதி அதையும் அடித்தார். கடைசியில், பக்கம் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டோடு முதீரின் முன்னால் போய் நின்றார். நாலு மூலைச் சிவப்பு எதற்கு என்று முதீர் கேட்டார். கல்யாணத்துக்கு வைக்கிற மஞ்சள் என்பதை வாசு இந்தியில் சொன்னார்: ஷாதிக்கு சார், ஹல்தி சார். யாருடைய ஷாதி? அந்த ஆளுக்குத் தெரியுமா? தெரியாது சார். முதீர் சத்தம் போடவில்லை. ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டவும் இல்லை. கையை மட்டும் நீட்டினார். என்ன கேட்கிறார் என்று புரிய வாசுவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். நீயே அவனைக் கூப்பிட்டு, புதுப் பக்கம் எழுதி வாங்கு என்றார் முதீர்.

போனில் வைரவன், வேணாம்ணே, பேரை எடுத்துருங்க என்றுதான் சொன்னான். வாசு மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை, நான் செஞ்ச தப்புக்கு நீ தோட்டத்த விட்டுடாத தம்பி என்றார்.

செவ்வாய் மாலை டியூட்டி முடிந்து, தலையில் சைட் தூசியோடு வைரவன் கவுண்டருக்கு வந்தான். பழைய பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றான். முதீர் கொடுக்கச் சொன்னார். வைரவன் சிவந்த மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான். புதுப் படிவத்தில் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதினான். ஜூன் ஒன்று என்று எழுதும்போது லேசாகச் சிரித்தது போல இருந்தது, வாசு நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனவர், ஆகாதவர் என்ற இரண்டு கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"ஸ்கேல் இருக்காண்ணே?"

வாசு கொடுத்தார். வைரவன் அந்த இரண்டுக்கும் பக்கத்தில், அதே அளவில், அதே இடைவெளியில், நேராக மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தான். உள்ளே டிக் போட்டான். அருகில் அகிலா என்று தமிழில் எழுதினான். ஸ்கேலைத் துடைத்து, காகிதத்தோடு சேர்த்துக் கவுண்டரின் மேல் நகர்த்தினான்.

"இதும் வீட்டுக்குப் போவுமாண்ணே?"

சத்தியம் செய்யலாம் என்று வாசுவுக்குத் தோன்றியது. தன் சத்தியத்துக்கு அந்தக் கவுண்டரில் என்ன மதிப்பு என்றும் உடனே தோன்றியது. அவர் கையில் உண்மையாகச் சொல்வதற்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"சாவி இப்ப எங்கிட்ட இல்ல தம்பி" என்றார்.

வைரவன் தலையாட்டினான். அது போதும் என்பது போல.