வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

நேற்று வேப்பூரில் நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலுக்குள் நுழைந்ததுமே எலுமிச்சை மணம் மூக்கில் ஏறியது. எலுமிச்சம்பழம் எதுவும் இல்லை. சுவரில் மாட்டிய பெட்டி ஒன்று புஸ்ஸென்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. நான் சாப்பிடப் போகவில்லை, சண்டை போடப் போயிருந்தேன். அதனால் அந்த மணமே எரிச்சலாக இருந்தது.

செல்விக்காகத்தான் போனேன். விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் என்னோடு வேலை பார்த்தவள். ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது, இப்போது அவள் சம்பாதித்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். இந்த ஓட்டலில் பரிமாறும் வேலை கேட்டுப் போனவளைச் சிரிக்கச் சொல்லி, பேசச் சொல்லி, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் 'தேர்வாகவில்லை' என்று ஒரு குறுஞ்செய்தி.

"வேல குடுக்கலன்னா போவட்டும்ண்ணா. எதுக்கு புடிக்கலன்னு மட்டும் கேட்டு சொல்லுங்க" என்றாள்.

எங்கள் லாட்ஜில் மணம் வேறு. ஊர்ப் பட்டறைகளில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் வாங்க வரும் வியாபாரிகள் களிமண் ஒட்டிய செருப்போடு மாடியேறுவார்கள். ஈரமண்ணும் பினாயிலும், கீழே சாப்பாட்டுக் கூடத்துப் பிரியாணியும் சேர்ந்த மணம் அது. நடத்தியவர் ஒரு பாய். துபாயில் பெரிய ஓட்டலில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வரவேற்பு மேசை வேலைக்காக மாமாவின் டையை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தை உருப்போட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாப்ட்டியா தம்பி? உங்க ஊருக்கு கடைசி பஸ்ஸு எப்போ?" என்றார்.

உருப்போட்டதில் எங்கள் கிராமமான மங்களூருக்குப் போகும் டவுன் பஸ் இல்லை. தமிழிலேயே பஸ் நேரத்தைச் சொன்னேன். அந்த பஸ்ஸுக்குத் தோதாகத்தான் என் வேலை நேரத்தை வைத்தார், மனிதர்!

வேலை கேட்டு வருகிறவரை முதலில் இலை போட்டு உட்காரவைப்பது அவர் வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "என்ன கொற கண்ட, சொல்லு" என்பார். செல்வி வேலை கேட்டு வந்த அன்று கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கொற நீங்கதாங்க. வந்ததுலேர்ந்து ஒருவாட்டிகூட நிமுந்து பாக்கல. வூட்டுக்கு வந்தவங்கள இப்படியா கவனிப்பாங்க?"

பாய் முகம் சிவந்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நாளைக்கே வந்துரும்மா!"

எல்லாரையும் எடுத்துக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்றால் வாசல்வரை கூடவே போவார். "ஒனக்கு கோவம் ஜாஸ்தி தம்பி, லாரி ஆபீஸுல கேட்டுப் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்வார். ஒருவன் தெருவே கேட்கும்படி அவரைத் திட்டினான். நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். இப்போது பாயும் இல்லை, லாட்ஜும் இல்லை.

நேற்று புது ஓட்டலில் நான் கத்திய கத்தலுக்கு, டை கட்டிய மேலாளர் பயந்தே போனார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். வீடியோவ அனுப்புறதோட சரி. கம்ப்யூட்டரே பாத்து கழிச்சிடுது."

"அப்ப அந்தம்மா பேசுனத ஒருத்தர்கூட பாக்கலையா?"

"இல்லீங்க சார்."

யாரைத் திட்டுவது? சாயங்காலம் செல்வி போன் செய்தாள். "கேட்டீங்களாண்ணா? என்ன சொன்னாங்க?"

சொல்ல ஆளே இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?