பிள்ளைக்காகத் தள்ளிவைத்த மருந்து

என் மனைவி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். நான் லாரி ஓட்டினேன். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், தாலிக்கயிறு மாற்றும்போது கழுத்தில் ஏதோ தட்டுப்படுவதாகச் சொன்னாள். புளியங்கொட்டை அளவுக் கட்டி. எச்சில் விழுங்கினால் ஏறி இறங்கியது, வலியில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் தைலம் கொடுத்தார். ஆறு மாதம் பூசினோம். ஈப்போ இருபது மைல்கூட இல்லை. வண்டியும் என் கையில்தான் இருந்தது. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வரும்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் தைராய்டுப் புற்றுநோய் என்றார்கள். சீன டாக்டர் சொல்லச் சொல்ல, அங்கிருந்த தமிழ் நர்ஸ், மிஸ்ஸி என்போம், தமிழில் விளக்கினார்.

"மொதல்ல ஆப்பரேஷன் செஞ்சு எடுத்துருவாங்க. மிச்சம் மீதிய அழிக்க கோலாலம்பூர்ல ஒரு மருந்து குடிக்கணும். அப்புறம் ஆயுசுக்கும் தெனம் ஒரு மாத்திரை. நெறைய பேருக்கு நல்லாயிருக்குலா, பயப்படாதீங்க அக்கா."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கோலாலம்பூர் போவதற்கு முன் எடுத்த சோதனையில், அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவர்கள் நாங்கள்.

அந்த மருந்தில் கதிர்வீச்சு உண்டு. வயிற்றில் பிள்ளையோடு குடிக்கவே கூடாது. கலைத்துவிட்டுக் குடிக்கலாம், அல்லது பிறக்கும்வரை காத்திருக்கலாம். பலர் காத்திருக்கிறார்கள், ஆனால் இவளுக்குக் கொஞ்சம் பரவியிருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

லாரியில் திரும்பும்போது நான் சொன்னேன்: "கலைச்சிரலாம். நீ இருந்தா போதும்."

அவள் சாலையைப் பார்த்தபடி, "அத இன்னொரு தடவ சொல்லாதீங்க. உள்ள கேட்டுக்கிட்டு இருக்கு," என்றாள்.

பிறக்கும்வரை காத்திருந்தோம்.

மகள் பிறந்தாள். மனைவி ஆறு வாரம்தான் பால் கொடுத்தாள். மருந்துக்காக நிறுத்தச் சொன்னதும், பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். தினசரி மாத்திரையையும் நிறுத்தினால்தான் மருந்து பிடிக்குமாம். மாத்திரை இல்லாத அந்த வாரங்களில் உடம்பில் சூடே இல்லாமல், நல்ல வெயிலில் கம்பளி போர்த்தி நடுங்கினாள்.

கோலாலம்பூரில் தனியறை. நான் வாசலோடு சரி. "ஒரு மடக்குத் தண்ணிதாங்க. இதுக்கா இவ்ளோ பயந்தோம்?" என்று உள்ளேயிருந்து சிரித்தாள்.

உடம்பில் கதிர்வீச்சு மிச்சமிருக்குமாம்; வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் பிள்ளையைத் தூக்கக்கூடாது. தோட்டத்து லயத்து வரிசையில் அடுத்த வீட்டில் இருந்த என் அக்கா வைத்துக்கொண்டாள். நடுவில் பலகைச் சுவர்தான். பிள்ளை அழும்போதெல்லாம் இவள் எழுந்துபோய்ச் சுவரில் கைவைத்து நிற்பாள். தடை தீர்ந்து ஆசையாகக் கை நீட்டியபோது, பிள்ளை அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பழக நாளாயிற்று.

இரண்டு வருடத்தில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. மறுபடியும் மருந்து, மறுபடியும் பிரிவு. மூன்றாவது முறை கொடுப்பதில் பயனில்லை என்றார்கள். மகளுக்கு நான்கு வயது நடக்கும்போது, மனைவி ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள்.

அன்று அந்த டாக்டரைத் தேடிப் போய், எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். முதலிலேயே குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாது," என்றார்.

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லமாட்டாரா என்றுதான் போயிருந்தேன். வெளியே அக்காவின் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.