லிஃப்ட்காரர் கேட்ட கேள்வி

என் தங்கை வீட்டுக்காரர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் முதன்முதலில் கேட்டது, எங்கள் அலுவலக லிஃப்டுக்குள் நான் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோதுதான். அதற்குள் அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு மூலையில் உட்காருவார், கொடுத்ததைச் சாப்பிடுவார், "வர்றேங்கக்கா" என்று கிளம்பிவிடுவார். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று தங்கையிடம் கேட்பேன். உம்மணாமூஞ்சி என்று பெயரும் வைத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, எங்கள் அலுவலக லிஃப்டும் அதில் சேர்த்தி. அன்று இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் நான் தனியாக இருந்தேன். விளக்கும் போய்விட்டது. வெளியே அலுவலகமே திரண்டு நின்று, பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று ஆளாளுக்குக் கத்தியது. அவர்கள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயமே வந்தது. யாரோ கதவை நெம்பித் திறந்து, கையைக் கொடுங்கள், இழுத்துவிடுகிறோம் என்றார்கள். நானும் நீட்டிவிட்டேன். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"யாரும் இழுக்காதீங்க. அக்கா, நான்தான். கைய உள்ள எடுத்துக்கோங்க."

"தம்பி, மூச்சு முட்டுது. மொதல்ல என்னை வெளிய எடுங்க!"

"நடுவுல நிக்கறப்போ இழுத்தா ஆபத்துக்கா, பெட்டி நகந்துடும். நான் இப்ப மேல மோட்டார் ரூமுக்குப் போறேன். கையால சுத்தி, மெதுவா தரைக்கு நேரா கொண்டுவர்றேன். அதுவரைக்கும் வாட்ச்மேன் இங்கயே உக்காந்திருப்பாரு. பெட்டி ஒரு தடவ குலுங்கும். குலுங்கினா நான்தான்னு வச்சுக்கோங்க."

குலுங்கியது. அவர்தான் என்று வைத்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பேச்சை இந்த மனுஷர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று வாயைப் பிளந்தேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவர் பழையபடி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பல மாதங்கள் கழித்து என் வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லாமல் போனது. பஸ் டிப்போவில் டைம் கீப்பர் அவர். டிரைவர் கண்டக்டர் எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டே வண்டிகளை அனுப்புகிற மனிதர். முதலில் தூக்கம் போனது, பிறகு சாப்பாடு, பிறகு பேச்சு, கடைசியில் வேலைக்குப் போவதும் நின்றது. காரணம் கேட்டால் தெரியவில்லை என்பார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். தைரியமாக இரு என்றார் ஒருவர். பிள்ளைகள் முகத்தைப் பார் என்றார் இன்னொருவர். நான் மட்டும் சும்மா இருந்தேனா? அவர் காதில் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி ஓதிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூப்பிட்டால், "என்னை விட்டுடுங்க" என்ற ஒரே பதில். அந்தக் குரலைக் கேட்டதும், அவர் அந்த அறையிலிருந்து உயிரோடு வரமாட்டார் என்று எனக்கு ஏனோ தோன்றிவிட்டது. தங்கைக்கு ஃபோன் போட்டேன். அதற்குள் என் வீட்டுக்காரரின் அண்ணன் கீழ்வீட்டிலிருந்து கடப்பாரையோடு வந்து நின்றார்.

தங்கை வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தோளில் கருவிப்பை. கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் கதவைக் கழற்றிவிடக்கூடியவர், பையை ஓரமாக வைத்துவிட்டுக் கதவருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ளேருந்து பதில் வந்துட்டிருக்கற வரைக்கும் உடைக்க வேணாம். பதில் நின்னா நானே உடைச்சிடுவேன்" என்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு கதவைப் பார்த்து, "அண்ணே, நான்தான். உங்களை வெளிய இழுக்க வரல. சும்மா இங்க உக்காந்திருக்கேன்."

கதவோடு ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. சாகணும்னு தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் அந்தச் சொல்லை வாயால் சொல்லவே பயந்து கிடக்கிறோம், இவர் என்ன எடுத்துக்கொடுக்கிறாரா? அவர் தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். அதற்குள் உள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

"ஆமா."

என் வீட்டுக்காரர் அழுதார். மாதக்கணக்கில் சுருட்டி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லோடு அவிழ்ந்து வந்தது. நாங்கள் இத்தனை பேர் இத்தனை நாள் பேசியதற்கு வராத பதில்!

"சொன்னதே பெரிசுண்ணே. கைக்கு எட்டற மாதிரி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"அத எங்கிட்ட குடுத்துடுங்க. கதவ முழுசா திறக்க வேணாம். கை நீட்டற அளவுக்கு போதும்."

தாழ்ப்பாள் விலகியது. இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. வாங்கியதை அவர் பார்க்கவும் இல்லை, எனக்குக் காட்டவும் இல்லை. பைக்குள் போட்டு மூடினார். பிறகு, "அண்ணே, இப்ப நான் எந்திரிச்சுப் போய் ஒரு ஃபோன் பண்ணப் போறேன். நமக்கு உதவி பண்றவங்க. அக்கா இங்க இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"நான் என்ன தம்பி பேசறது?"

"இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. புத்தி மட்டும் சொல்லாதீங்கக்கா."

என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. நாக்கு நுனிவரை வந்த புத்திமதிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு, "இங்கதாங்க இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இடுக்கு வழியாக அவர் விரல் என் விரலைத் தேடிப் பிடித்தது.

தங்கை வீட்டுக்காரர் ஃபோன் பண்ணியது எங்கள் தெருக்கோடிச் சுகாதார மையத்துக்கு. மாடியில் ஓர் அறைக் கதவில் 'ஆலோசனை' என்று எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். கருத்தடை ஆலோசனையாக்கும் என்று நினைத்து, நமக்கெதற்கு என்று பார்வையைத் திருப்பிக்கொள்வேன். உடனே கூட்டிவரச் சொன்னார்களாம். வர முடியாவிட்டால் நாங்களே வருகிறோம் என்றும் சொன்னார்களாம். இப்படியொரு இடம் கூப்பிடு தூரத்தில் இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

என் வீட்டுக்காரர் தாமாகவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். போனோம். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போன ஆலோசகர் அம்மா, தங்கை வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னைக்கு உங்க நாள் இல்லையே?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவரே சொன்னார். "ஒரு தடவ பெட்டிய தரைக்குக் கொண்டுவந்து கதவத் திறந்தேன்கா. உள்ள இருந்தவருக்கு மாரடைப்பு. உயிர் இல்ல. அதுக்கப்புறம் எந்தக் கதவப் பாத்தாலும் கை நடுங்கும். வாழவே பிடிக்கல. உங்க தங்கச்சிதான் என்னை இங்க கூட்டிட்டு வந்தா. ரெண்டு வருஷமா வந்துட்டிருக்கேன்."

"அப்படி வெட்டவெளிச்சமா கேக்கலாம்னு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

"இந்தம்மா மொத நாள் எங்கிட்ட கேட்டது அதத்தான்கா."

கை நடுங்குகிற ஒருவர்தான் அன்று அந்தக் கதவருகே அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் எதிரில் இருந்தவர் எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று எண்ண எண்ண எனக்குப் பேச்சு எழவில்லை. வாய் நீளமான எனக்கு! என் தங்கையும் இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டுதான் என் அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறாள்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். என் வீட்டுக்காரர் வாராவாரம் அந்த மாடியறைக்குப் போனார். சகலைகள் இருவரும் சேர்ந்தே போவார்கள், வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சில மாதங்களில் டிப்போவுக்கும் போக ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் பாதி போட்டவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா என்று ஃபோனை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். நானே கேட்டுவிட்டேன்.

"சாகணும்னு தோணுதாங்க?"

சுவரிலிருந்து பார்வையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு இல்ல" என்றார். மீதிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கும் கேளு" என்றார்.